இறங்காத கைகள்

டாக்டர் நெரிஸ் ஹாலோரன் ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சிற்றூரான டோரிங்காவில் வந்து இறங்கியபோது மேற்கே அடிவானத்தில் ஒரு பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தது. விமானி அதைப் பார்த்துவிட்டு விமானத்தின் விசிறியை நிறுத்தவே இல்லை. இவள் பெட்டியோடு இறங்க, ஊரைவிட்டுப் போகிற பழைய டாக்டர் பெட்டியோடு ஏற, ஓடுதளத்திலேயே பொறுப்பு கைமாறியது.

"பெருசா ஒண்ணுமில்ல!" என்று அவர் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "நாலாம் கட்டில்ல ஒரே ஒருத்தர். குடியை நிறுத்தி ரெண்டு மூணு நாளாச்சு. நல்லாத் தூங்குறார்!"

நெரிஸுக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் பிடிக்கவில்லை. பிரிஸ்பேனில் ஈரல் நோய் வார்டில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் அவள். குடியை நிறுத்தியவன் மூன்றாம் நாள் கட்டிலை உலுக்குவான், நர்ஸைத் திட்டுவான், சுவரில் எறும்பு ஊர்கிறது என்பான். நல்லாத் தூங்கமாட்டான். என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்க வாயைத் திறப்பதற்குள் விமானத்தின் கதவு மூடிக்கொண்டது.

ஆஸ்பத்திரி நீளமான தகரக்கூரைக் கட்டடம். உள்ளே பினாயில் வாசனையும் காலையில் கருகிப்போன ரொட்டியின் வாசனையும் இருந்தன. புழுதி வருகிறதென்று சமையல்காரப் பெண்ணை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாக்கி இருந்தது சிஸ்டர் கிளெனிஸ் பார்டல் ஒருத்திதான். தலை நரைத்த பெரிய உருவம். கழுத்தில் சாவிக்கொத்து. டாக்டர்கள் வருவார்கள், போவார்கள், ஆஸ்பத்திரி தன்னுடையது என்கிற நடை.

"வாங்க டாக்டர். டீ போடவா? இல்ல, முதல்ல குறை சொல்லி முடிச்சுட்டுத்தான் டீயா? பிரிஸ்பேன்காரங்க அப்படித்தான் பண்ணுவாங்க."

"டீ குடிச்சுக்கிட்டே குறை சொல்றேன் சிஸ்டர். ரெண்டும் என்னால முடியும்."

கிளெனிஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கிய இடத்தில்தான் நெரிஸ் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள்.

டப். கொஞ்சம் விட்டு, டப் டப்.

கண்ணாடியில் மெத்தென்று எதுவோ படுகிற சத்தம். வார்டின் கடைசியிலிருந்து வந்தது.

"பின்தாழ்வாரத்துத் திரைக்கட்டை, திரைக்கு அடியில பாரத்துக்குப் போட்டது. லூஸாத் தொங்குது, காத்தடிச்சா தட்டும்," என்றாள் கிளெனிஸ். "ரிப்பேருக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு எனக்குத்தான் நரைச்சுது."

நெரிஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. காற்று இன்னும் ஊருக்குள் வரவே இல்லை.

நாலாம் கட்டில் கோடியில் இருந்தது. அதன் தலைமாட்டில் ஊடே மங்கலாகத் தெரிகிற ஒரு பனிக்கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் பூட்டிய தாழ்வாரம், உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைக்கிற இடம். கட்டிலில் டெஸ்மண்ட் குரூகர் மல்லாந்து கிடந்தார். மண்சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டுகிறவர். வயிறு பானையாக ஊதி, கால்கள் குச்சியாக இளைத்து, கண்ணின் வெள்ளை மஞ்சளாகிப் போயிருந்தது. வாயருகே குனிந்ததும் அழுகிய பழமும் ஈரமண்ணும் கலந்த வாசனை அடித்தது. ஈரல் கைவிட்ட மனிதர்களின் மூச்சில் வருகிற வாசனை அது.

"டெஸ்! கண்ணைத் திறங்க. டெஸ்!"

தோளை உலுக்கிய பிறகு ஒரு கண் மட்டும் திறந்தது.

"வந்துட்டியா கண்ணு... பீர் கொண்டாந்தியா?"

"பீர் இல்ல. டாக்டர்தான் வந்திருக்கேன்."

"சே. ரெண்டுமே கசக்கும்." அவர் நாக்கு தடித்துப் புரண்டது. பிறகு கண்ணாடித் தடுப்பின் பக்கம் மெதுவாக முகத்தைத் திருப்பினார். "அந்த ஆளை உக்காரச் சொல்லேன். எம்மாம் நேரமா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறான். பாக்கிற எனக்கே தோள் வலிக்குது."

"எந்த ஆளை?"

டெஸ்ஸின் கண் மூடி, முகம் மறுபடி இந்தப் பக்கம் சாய்ந்தது. தடுப்பில் மங்கிய வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த அழுகிய பழ வாசனை, அவர் முகம் இந்தப் பக்கம் இருந்தும், கண்ணாடிப் பக்கத்திலிருந்தே வருவதுபோல் நெரிஸுக்குப் பட்டது. ஈரல் சரியில்லாதவர்கள் இல்லாததைப் பார்ப்பதும் பேசுவதும் சகஜம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"டெஸ், தூங்காதீங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கையை எனக்குக் காட்டுங்க. ரோட்டுல லாரியை நிறுத்துவீங்கல்ல, அந்த மாதிரி."

ரோட்டு வேலைக்காரருக்கு அது புரிந்தது. இரண்டு கைகளையும் தூக்கி நீட்டினார். ஒரு நிமிஷம் சும்மா நின்றன. பிறகு இரண்டு உள்ளங்கைகளும் உயிர் போனதுபோல் சட்டென்று தொங்கின. உடனே துள்ளி மேலே வந்தன. மறுபடி தொங்கின.

"பாத்தீங்களா நடுக்கத்தை?" என்றாள் கிளெனிஸ். "குடி கேக்குற நடுக்கம். ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் இதே கதைதான். அதுக்குத்தான் மருந்து போட்டுக்கிட்டே இருக்கோம். அப்படியும் நிக்கல, பிடிவாதக்காரர்."

நெரிஸ் அவர் கைகளைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள்.

"சிஸ்டர், இது நடுக்கம் இல்ல. குடி கேக்கிற கை பொடிப்பொடியா, விடாம நடுங்கும். இது விழுந்து விழுந்து எந்திரிக்குது. ஈரல் செத்து, கழிவு மூளைக்கு ஏறினா கை இப்படித்தான் விழும். தூக்க மருந்து போடப் போட இது ஜாஸ்திதான் ஆகும். என்ன போட்டீங்க?"

"டயஸெபாம்."

நெரிஸ் கால்மாட்டில் தொங்கிய கேஸ் தாளைப் புரட்டினாள். "இதுல எழுதியிருக்கறது ஆக்ஸஸெபாம் இல்லையா?"

"அது தீந்துபோச்சு. லாரி இன்னும் வரல. பழைய டாக்டரைக் கேட்டேன், சமமானது எதுவோ அதைப் போடுங்கன்னார். அட்டையைப் பாத்துப் போட்டேன்." மருந்து அலமாரிக் கதவில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்த அட்டையை அவள் மோவாயால் காட்டினாள். தலைமை அலுவலகம் எல்லா ஊருக்கும் அனுப்பியது. அந்தத் தூக்க மருந்துக் குடும்பம் அத்தனையும் வரிசையாக, இதில் இவ்வளவு என்றால் அதில் இவ்வளவு என்று. "கணக்குல தப்பே இல்ல டாக்டர். வேணும்னா நீங்களே போட்டுப் பாருங்க."

கணக்கில் தப்பே இல்லை. நெரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அதனால்தான். தப்பாக இருந்தால் திட்டிவிடலாம். சரியான கணக்கோடு ஒரு மனிதரை மூழ்கடித்திருந்தார்கள்.

"வீரியம் சமம்தான் சிஸ்டர். வந்து தங்குற காலம் சமமா? ஆக்ஸஸெபாம் விருந்தாளி மாதிரி. மெதுவா வரும், உக்காரும், டீயைக் குடிச்சுட்டுப் பொழுது சாயறதுக்குள்ள கிளம்பிரும். ஈரல் கெட்டுப்போனாலும் அதை வெளியே அனுப்பத் தெரியும். டயஸெபாம் அப்படியில்ல. ஓடி வந்து உள்ள புகுந்துக்கும், கொழுப்புல பாயை விரிச்சுப் படுத்துக்கும். நல்ல ஈரலே அதை வெளிய தள்ள நாள்கணக்குல முக்கும். போறப்பவும் சும்மா போகாது, தன்னை மாதிரியே ஒண்ணைப் பெத்துப் போட்டுட்டுத்தான் போகும். அந்தப் பிள்ளை அப்பனைவிட அதிக நாள் இருக்கும். இவருக்கு ஈரலே இல்லை. நீங்க முதல் நாள் குடுத்தது இன்னும் உள்ளயே உக்காந்திருக்கு. அது மேல அடுத்தது, அது மேல அடுத்தது."

கிளெனிஸின் முகம் இறுகியது. "ரெண்டும் ஒரே குடும்பம்னுதானே சொல்லிக்கொடுத்தாங்க."

"ஒரே குடும்பம்தான்! உங்க குடும்பத்துல எல்லாரும் ஒரே மாதிரியா?"

"இல்ல. என் மச்சினன் கிறிஸ்மஸுக்கு வந்தான், ஈஸ்டர்தான் போனான்," என்றாள் கிளெனிஸ் தன்னையறியாமல். சொன்னதும் கட்டிலைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு, டெஸ்ஸைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானம் கேட்டு, டெலிபோன் கூத்து தொடங்கியது. முதலில் இசை. பிறகு ஒரு பெண், வேறொரு பிரிவுக்கு மாற்றுகிறேன் என்றாள். மறுபடி இசை. கடைசியாகக் கிடைத்த விமானப் பொறுப்பாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "புழுதி உங்களை நோக்கித்தான் வருது டாக்டர். அது நகர்ந்தாதான் இறங்க முடியும். நோயாளி இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லாத் தூங்குறார்," என்று கடுப்போடு சொன்னாள் நெரிஸ்.

"ஓ, நல்லது."

ரிசீவரை அவள் வைத்த வேகத்தில் மேஜை அதிர்ந்தது. கத்தவேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்பதுதான் தெரியவில்லை.

அப்போது புழுதி வந்தது.

முதலில் வெளிச்சம் மஞ்சளாகியது. பிறகு சிவந்தது. பிறகு நடுப்பகலை யாரோ மூடி வைத்ததுபோல் ஜன்னல்கள் கறுத்தன. தகரக்கூரை முழுக்க மணல் உரசியது. கதவிடுக்குகளில் செம்மண் புகையாக நுழைந்து நாக்கில் கரகரத்தது. விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. அவசர விளக்கு ஒன்று மட்டும் வாசல்பக்கம் பச்சையாக எரிந்தது.

"ஜெனரேட்டர்?"

"இப்ப வரும்," என்றாள் கிளெனிஸ். வரவில்லை.

டெஸ்ஸின் மூச்சைக் காட்டிக்கொண்டிருந்த இயந்திரம் பாட்டரியில் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கண்ணை மூடியது.

"இந்தப் பாட்டரிக்கும் எழுதிப் போட்டிருந்தேன்," என்று கிளெனிஸ் இருட்டில் சொன்னாள். குரல் உடைந்திருந்தது.

கிளெனிஸ் டார்ச் விளக்கைப் பிடிக்க, நெரிஸ் டெஸ்ஸின் மார்பில் கைவைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது. நீண்ட இடைவெளி. மறுபடி வந்தது. ஒவ்வொரு இடைவெளியும் முந்தினதைவிட நீண்டது.

டப். டப் டப்.

"சிஸ்டர், அந்தத் திரைக்கட்டையைப் பிடிச்சுக் கட்டிட்டு வாங்களேன். காதுல ஒண்ணும் விழல."

கிளெனிஸ் நகரவில்லை.

"சிஸ்டர்?"

"போன வருஷமே அதைக் கழட்டிட்டாங்க டாக்டர்," என்று கிளெனிஸ் கிசுகிசுத்தாள். "வர்ற டாக்டருங்க எல்லாருகிட்டயும் திரைக்கட்டைன்னு சொல்லிச் சொல்லி, எனக்கும் அது பழகிப்போச்சு."

அவள் டார்ச்சை மெதுவாகத் தடுப்பின் பக்கம் திருப்பினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு உள்ளங்கைகள் இருந்தன.

விரல்கள் விரிந்திருந்தன. தோள் உயரத்தில் நீட்டியிருந்தன. கைகளுக்குப் பின்னால் ஆள் நிற்கவேண்டிய இடத்தில் வெறும் செம்புழுதிதான் சுழன்றது.

உள்ளங்கைகள் தொங்கின. விரல்நுனிகள் கண்ணாடியில் பட்டன.

டப்.

துள்ளி மேலே வந்தன.

"ஆல்பி," என்றாள் கிளெனிஸ்.

"யாரு?"

"ஆல்பி வியர். ரயில் பாதை வேலைக்காரன். இதே கட்டில்தான். போன குளிருக்கு முந்தின குளிர்ல." அவளால் மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் பேச முடிந்தது. "வாயில பேச்சு வரல அவனுக்கு. கையை மட்டும் நீட்டிக்கிட்டே இருப்பான், அதுவும் இப்படித்தான் விழுந்து விழுந்து எந்திரிக்கும். எங்க வார்டுல வழக்கம் அதுதானே, மாத்திரைக் கிண்ணத்தோட போனா கையை நீட்டுவாங்க. இன்னொண்ணு கேக்கறான்னு நெனச்சேன். கேக்கறானேன்னு பாவம் பாத்து, எழுதியிருந்ததைத் தவறாமக் குடுத்தேன். தூக்கத்துலயே நிம்மதியாப் போயிட்டான்னு அவன் தங்கச்சிகிட்ட நான்தான் சொன்னேன்."

"அட்டை எப்ப வந்துச்சு?"

"அதுக்குக் கொஞ்சம் முன்னால. அவனுக்கும் அதைப் பாத்துத்தான் டயஸெபாம்."

நெரிஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. கால்கள் தாமாகவே ஓரடி பின்வாங்கின. ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து கோபம்தான் பொங்கி வந்தது. ஒரு டாக்டரும், ஒரே ஒருமுறைகூட, கையை நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அரை நிமிஷ வேலை. அந்தப் பரிசோதனைக்காக இந்த மனிதன் செத்த பிறகும் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

டப் டப் டப் டப்.

சத்தம் திடீரென்று வெறிபிடித்ததுபோல் வேகமெடுத்தது. கண்ணாடி சட்டத்தில் கடகடத்தது. கிளெனிஸ் அலறி டார்ச்சைக் கீழே போட்டாள். இருட்டில் நெரிஸின் கை டெஸ்ஸின் மார்பைத் தேடியது.

மார்பு அசையவில்லை.

"மூச்சு நின்னுருச்சு! மூச்சுப் பையைக் குடுங்க, பையை!"

முகமூடியை அவர் வாயோடு அழுத்தி, அதோடு இணைந்த ரப்பர் பையைப் பிசைந்தாள். ஒன்று. இன்னொன்று. மார்பு ஏறி இறங்கியது. கண்ணாடிச் சத்தம் தணிந்து, பழையபடி மெதுவாகியது.

"எதிர்மருந்து ஒண்ணு இருக்குமே சிஸ்டர், ஃப்ளூமஸெனில். இருக்கா?"

"ஒரு சின்னப் பெட்டி இருக்கு. ஆனா டாக்டர், குடிகாரங்களுக்கு அதைப் போட்டா வலிப்பு வரும்னு சொல்வாங்களே?"

"வரலாம். அதனால துளித்துளியா ஏத்தறேன். போடலேன்னா இவர் பொழைக்கமாட்டார்."

கிளெனிஸ் டார்ச்சைத் தேடி எடுத்தாள். ஊசியை எடுத்துக்கொடுத்தாள். நெரிஸ் மிகக் கொஞ்சமாக உள்ளே விட்டுக் காத்திருந்தாள். வலிப்பு வரவில்லை. டெஸ் தண்ணீருக்கடியிலிருந்து வெளியே வந்தவர் மாதிரி மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தார். இரண்டு கண்ணும் தெளிவாக இருந்தன.

"டெஸ், பேர் சொல்லுங்க."

"நீதான் இப்பக் கூப்பிட்டே, என்னைக் கேக்குறே," என்றார் டெஸ். பிறகு தடுப்பைப் பார்த்தார். குரல் தணிந்தது. "அவன் என்னையே பாத்துக்கிட்டிருக்கான் கண்ணு. நான் மூச்சு விட மறந்தா அவனுக்குத் தெரிஞ்சுருது."

கிளெனிஸ் விம்மினாள். பயத்திலா ஆறுதலிலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"பொழைச்சுட்டாரா டாக்டர்?"

"இல்ல. இந்த எதிர்மருந்து டயஸெபாமை வெளிய அனுப்பாது, கொஞ்ச நேரம் கதவைச் சாத்தி வைக்கும், அவ்வளவுதான். இது சீக்கிரம் போயிரும். அது அங்கேயேதான் நிக்கும்."

அப்படியேதான் ஆயிற்று. காற்று ஓயவில்லை. டெஸ் பேசிக்கொண்டே இருந்தவர், பாதி வாக்கியத்தில் மறுபடி கீழே போனார். நாக்கு தடித்தது, கண் சொருகியது. மறுபடி துளித்துளியாக ஏற்றினார்கள். மேலே வந்தார். மறுபடி போனார். டார்ச் வெளிச்சம் மஞ்சளாகி மங்கி, கடைசியில் அதுவும் வாசல்பக்கத்துப் பச்சை விளக்கும் போய்விட்டன.

முழு இருட்டு.

இரண்டு பெண்கள், ஒரு மனிதர், ஒரு ரப்பர் பை. பிறகு, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அது.

இருட்டில் அவர் மார்பைத் தொட்டுத் தொட்டு நெரிஸின் விரல்களே மரத்துப்போயின. தன் கை அசைகிறதா, அவர் மார்பு அசைகிறதா என்று தெரியவில்லை. கடைசியில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்கத் தொடங்கினாள். டப். டப் டப். மெதுவாகத் தட்டுகிறவரை டெஸ் மூச்சு விட்டார். சத்தம் வேகமெடுத்தால் மூச்சு நின்றிருந்தது. அப்போதெல்லாம் பையைப் பிசைந்தாள். சத்தம் அடங்கும்வரை பிசைந்தாள். வேலை செய்யாத இயந்திரத்துக்குப் பதில், செத்துப்போன ஒருவன் டியூட்டி பார்த்தான்.

ஒருமுறை மட்டும் சத்தம் அறவே நின்றது.

அழுகிய பழ வாசனை மிக அருகில் வந்தது. நெரிஸின் இடது கன்னத்துக்குப் பக்கத்தில், குளிர்ந்து.

"சிஸ்டர், என் பக்கத்துல நிக்கிறது நீங்களா?"

"நான் கால்மாட்டுல இருக்கேன் டாக்டர்," என்று எட்டத்திலிருந்து குரல் வந்தது.

நெரிஸ் திரும்பவில்லை. பையைப் பிசைந்துகொண்டே பேசினாள். "பாத்துட்டேன் ஆல்பி. உங்க கையைப் பாத்துட்டேன். புரிஞ்சுது."

ஜில்லென்று எதுவோ அவள் மணிக்கட்டின்மேல் விழுந்தது. துள்ளி எழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு விலகிப்போனது. கண்ணாடியில் மறுபடி டப் என்று கேட்டபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொழுது சாய்வதற்குச் சற்று முன் புழுதி கிழக்கே நகர்ந்தது. விளக்கு வந்தது. விமானம் இறங்கியது. குழாய் போட்டு, சுவாச இயந்திரத்தில் இணைத்து, டெஸ்ஸை ஏற்றிக்கொண்டு போனார்கள். வந்த டாக்டர் இளைஞர். "மூச்சை இவ்வளவு நேரம் எப்படிக் கண்காணிச்சீங்க, மானிட்டரே இல்லாம?" என்று வியந்தார். "காதால," என்றாள் நெரிஸ். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கிளெனிஸ் அலமாரிக் கதவிலிருந்து அந்த அட்டையைக் கிழித்து எடுத்தாள். கிழித்ததை இன்னும் நான்காகக் கிழித்தாள்.

நெரிஸ் அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்கு எழுதினாள். ஆக்ஸஸெபாம் கட்டாயம் இருப்பில் இருக்கவேண்டும். அளவை மட்டும் சொல்கிற அந்த அட்டையை எல்லா ஊரிலிருந்தும் எடுக்கவேண்டும். ஆல்பி வியரின் சாவை மறுபடி விசாரிக்கவேண்டும். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். போன் செய்தாள். இசை கேட்டாள். அவள் முறை முடிந்து ஊரைவிட்டுக் கிளம்புகிற நாளில்தான் பதில் வந்து சேர்ந்தது. கோரிய மருந்தின் அதே வகை மருந்து போதிய அளவு இருப்பில் உள்ளது. பழைய மரணத்தில் குறையேதும் காணப்படவில்லை. அட்டை சேதமடைந்ததாக அறிகிறோம், புதியது இத்துடன் அனுப்பப்படுகிறது.

புதியது நிஜமாகவே வந்திருந்தது. பளபளவென்று, முன்னதைவிடப் பெரிய எழுத்தில்.

"எங்க ஒட்டறது டாக்டர்?" என்றாள் கிளெனிஸ் வெறுப்போடு.

"எங்கயும் ஒட்டாதீங்க. குப்பைல போடுங்க."

"நான் போடுவேன். அடுத்த மாசம் நான் ரிட்டையர் ஆயிருவேன். எனக்கப்புறம் வர்றவ?"

நெரிஸ் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்போது டெலிபோன் அடித்தது. எடுத்தாள்.

"பீர் கொண்டாந்தியா கண்ணு?"

"டெஸ்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எப்படி இருக்கீங்க?"

"தூங்கவே விடமாட்டேங்கறாங்க. மணிக்கொரு தடவை கையை நீட்டு, கையை நீட்டுன்னு உயிரை எடுக்கறாங்க. இப்ப விழறதில்ல, சும்மா நிக்குது." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. சீரான, நல்ல மூச்சு. "கண்ணு, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த ஆளு எப்படி இருக்கான்? கையை இறக்கிட்டானா?"

நெரிஸ் கையிலிருந்த புது அட்டையைப் பார்த்தாள். கிளெனிஸைப் பார்த்தாள். கிளெனிஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறக்கிட்டார் டெஸ்," என்றாள். "நீங்க நிம்மதியா இருங்க."

ரிசீவரை வைத்தாள். வார்டு காலியாக இருந்தது. ஜன்னல்களுக்கு வெளியே வெயில் நின்றது, இலை அசையவில்லை. நாலாம் கட்டிலுக்கு அப்போதுதான் வெள்ளை விரிப்பு மாற்றியிருந்தார்கள்.

டப்.

டப் டப்.